இன்னும் ஒரு பூச்சுப் பச்சை

ஒரு முகத்தின் விலை அறுநூறு டாலர். அதே முகத்தை வரைந்தவனின் பெயர் தெரிந்துவிட்டால் இருபதாயிரம். நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் என் பிழைப்பு. என்ன தொழில் என்று கேட்டீர்கள், பழம்பொருள் வியாபாரி என்று தாளில் குறித்துக்கொண்டீர்கள். தப்பில்லை, மேடம். ஆனால் பழம்பொருள் விற்றவர் என் அப்பா. நான் விற்றது பெயர்.

காப்பி நன்றாக இருக்கிறது. போலீஸ் நிலையக் காப்பியைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் வதந்தி போலிருக்கிறது.

வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வக்கீல் வந்தால் வாக்கியத்தின் நடுவில் கையைப் பிடித்து நிறுத்துவார். எனக்கு ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பழக்கம். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், மேசையில் கறுப்பு வெல்வெட் துணி, அதன்மேல் படம். அவசரப்படுத்தினால் விலை இறங்கிவிடும்.

நீங்கள் இந்தப் படங்களை இந்த வழக்குக்கு முன்னால் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு கோழிமுட்டையை நீளவாக்கில் வெட்டினால் என்ன அளவு வருமோ அவ்வளவுதான். நகத்தைப்போல மெல்லிய தந்தத் தகடு, அதன்மேல் நீர்வண்ணம், மேலே கண்ணாடி, சுற்றிப் பொன்முலாம் சட்டம். கேமரா பிறப்பதற்கு முன்னால் கப்பலுக்குப் போன மாலுமி தன் மனைவியை இப்படித்தான் சட்டைக்குள் கொண்டுபோனான். குழந்தை செத்துப்போன தாய் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். திருப்பினால் பின்பக்கமும் ஒரு கண்ணாடி இருக்கும், அதற்கடியில் அந்த ஆளின் முடி, பாய் முடைந்ததுபோலப் பின்னி வைத்திருப்பார்கள். முன்பக்கம் முகம், பின்பக்கம் முடி. அதுதான் முழுப்படம்.

வரைந்தவர்கள் யார் என்பதுதான் தெரியாது. நியூ இங்கிலாந்து முழுவதும் ஊர் ஊராகப் போனவர்கள், சத்திரத்தில் தங்கி, வாரத்துக்கு நாலு முகம் வரைந்து, குதிரைக்குத் தீனி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியவர்கள். கையெழுத்துப் போட அவர்களுக்குத் தோன்றவில்லை. தச்சன் நாற்காலியில் கையெழுத்துப் போடுவானா?

ஆகவே நான் லென்ஸை வைத்துக்கொண்டு தேடுவேன். இவன் காதை எப்படி மடிக்கிறான், மூக்கின் நிழலுக்கு நீலம் போடுகிறானா பழுப்பா, சரிகைக் கழுத்துப்பட்டையில் சோம்பல்படுகிறானா. மனிதன் தன் பெயரை மறைக்கலாம், பழக்கத்தை மறைக்க முடியாது. உங்கள் தொழிலும் என் தொழிலும் ஒன்றுதான், மேடம். நான் பிடித்த ஆட்கள் எல்லாரும் நான் பிடிப்பதற்கு முன்பே செத்தவர்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஒருவரைத் தவிர.

என்னை ஊருக்குத் தெரியவைத்தது ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய இடத்தில், ஊசிமுனையால் தொட்டு வைத்ததுபோல. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புள்ளி இருக்கிற முகம் உங்களைத் திரும்பிப் பார்க்கும். இல்லாத முகம் சுவரைப் பார்க்கும். பிரிம்ஃபீல்டு சந்தையில் வாங்கிய ஒரு பாதிரியார் முகத்தில் முதலில் பார்த்தேன். பிறகு வெர்மாண்டில் ஒரு கிழவி வீட்டு ஏலத்தில், பிறகு பாஸ்டனில். வேறு வேறு வீடு, வேறு வேறு ஊர், ஒரே புள்ளி.

அப்புறம் ஒரு பழைய செய்தித்தாளில் நாலு வரி விளம்பரம் கிடைத்தது. எஃப்ரைம் லூமர் என்பவர் கீன் ஊரில் இன்ன சத்திரத்தில் தங்கியிருக்கிறார், முகம் வரைந்து தருவார், சாயல் ஒத்துவராவிட்டால் காசு வேண்டாம். புள்ளி வைத்த முகங்களில் ஒன்று அந்தச் சத்திரக்காரனின் மகள். நான் புள்ளியையும் பெயரையும் கோத்தேன். நூல் என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் கோத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்ள எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் தெரியுமா? டெக்சாஸ்காரர் ஒருவர் ஒரே நாளில் நாலு லூமர் வாங்கினார். புத்தகம் போட்டேன். புள்ளி இருக்கிற படம் எங்கே கிடைத்தாலும் போர்ட்ஸ்மத்தில் என் கடைக்கு வந்தது. நான் பார்த்து, 'லூமர்' என்று எழுதி, வெண்டல் ப்யூரிங்டன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஓவியனுக்கு இல்லாத கையெழுத்தை நான் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு மியூசியம் மே மாதம் லூமருக்கென்று தனி அறை திறப்பதாக அறிவித்தது. முப்பது வருட உழைப்பு, ஒரு அறை.

அதற்கு முந்தைய அக்டோபரில் நூலகத்தில் ஒரு உரை. புள்ளியைப் பெரிதாக்கித் திரையில் காட்டினேன், கைதட்டினார்கள், ஆப்பிள் சாறும் டோனட்டும் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தபிறகு ஒரு வயதான அம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வெள்ளை முடிக்கு மெல்லிய ஊதாச் சாயம், உதட்டில் நல்ல சிவப்பு.

"படமெல்லாம் நல்லாருந்துச்சு, மிஸ்டர் ப்யூரிங்டன்," என்றார். "அரை மணி நேரம் என்னைப் பத்தியே பேசினீங்க. என் புருஷன்கூட அவ்ளோ நேரம் பேசினதில்ல."

நான் சிரித்துவைத்தேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் ஒருவராவது இப்படி வருவார்.

"அந்தப் புள்ளி நான் வச்சது, ராசா."

அவர் பெயர் ஓடெட் திபோடோ. பிட்டஃபோர்ட் ஊர், பிரெஞ்சு வம்சம், எண்பத்து நாலு வயது. புருஷன் அந்த ஊர்த் துணி ஆலையில் நெசவாளி, செத்துப்போய் வெகுகாலம். இவர் நாற்பது வருடம் பாஸ்டன் ஏலக்காரர்களுக்குப் பழுதான படங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவர். நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. பழுது பார்த்த ஆளின் பெயரைச் சொன்னால் பழுது இருந்ததையும் சொல்ல வேண்டுமே. எந்த ஏலக்காரன் சொல்வான்?

"செத்தவன் படத்துக்குப் பொண்டாட்டி முத்தம் குடுப்பா," என்றார். "கண்ணாடியைக் கழட்டிட்டுக் குடுப்பா, ஆசை தாங்காம. எச்சி பட்டா தந்தத்துல வண்ணம் நிக்குமா? முதல்ல போறது கண்ணுதான். கண்ணு போன படத்தை எவன் வாங்குவான்? சிகார் டப்பாவுல போட்டு எனக்கு அனுப்புவாங்க. நான் கண்ணைத் திறந்துட்டுத் திருப்பி அனுப்புவேன்."

"சிவப்பு எதற்கு?"

"லாண்டரிக்காரன் துணியில குறி போடுவான்ல, அது மாதிரி. நீங்க குறியைப் பாத்துட்டுத் துணி நெய்தவன் பேரையே சொல்லிட்டீங்க!" அதைச் சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். கெட்ட எண்ணமே இல்லாத சிரிப்பு. என்னையும் கூடச் சிரிக்கச் சொல்லி முழங்கையைத் தட்டினார்.

அவரைக் காரில் கூட்டிவந்த அண்ணன் மகன் நோர்மண்ட் டோனட் தட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன்.

கடைக்குப் போய் கதவைப் பூட்டிக்கொண்டு, விற்பனைக்கு இருந்த ஒரு லூமரைப் புற ஊதாச் சோதனை விளக்குக்கு அடியில் வைத்தேன். முகம் மங்கலாகக் கிடந்தது. புள்ளி மட்டும் வேறு மாதிரி ஒளிர்ந்தது. அந்தச் சிவப்பு, லூமர் காலத்துக்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்து ஆலையில் பிறந்த சிவப்பு. முப்பது வருடத்தில் அந்த விளக்கை நான் புள்ளிமேல் பிடித்ததே இல்லை. தங்கமா என்று மாமியார் நகையை யாராவது உரசிப் பார்ப்பார்களா?

எனக்கு என்ன போய்விடும் என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். ஒவ்வொரு லூமருக்கும் நான் கையெழுத்துப் போட்ட உறுதிச்சீட்டு இருக்கிறது. எல்லாரும் திருப்பிக் கொண்டுவருவார்கள். கடை போகும், வீடு போகும். அது பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், நான் வியாபாரி. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று: சிரிப்பார்கள். பிரிம்ஃபீல்டு மைதானத்தில் விடியற்காலையில் டார்ச் அடித்துக்கொண்டு திரிகிற ஒவ்வொரு தட்டுமுட்டுச் சாமான்காரனும் சிரிப்பான். என் அப்பா அந்தச் சந்தையில்தான் நாற்பது வருடம் கூடாரம் போட்டிருந்தார்.

மறுவாரம் பிட்டஃபோர்டுக்குப் போனேன். சமையலறையில் வடக்கு ஜன்னலோரம் அவருடைய மேசை. அடுப்பில் பட்டாணி சூப், ரேடியோவில் ஹாக்கி. தேவாலயத்துக்காக ஒரு சிறிய மரச் சூசையப்பருக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் பத்தாயிரம் என்றேன். சுற்றிவளைக்கவில்லை.

"என் வயசுக்கு அதை வச்சு என்ன பண்றது? புதுப் பல்லு கட்டலாம். கடிக்க என்ன மிச்சம் இருக்கு?"

இருபத்தைந்து என்றேன்.

"நீ ஏத்திக்கிட்டே போ. நான் சொல்றது உண்மைன்னு நீயே சாட்சி சொல்றே."

என் அப்பா சொல்வார், விற்கிறவன் சொல்லும் முதல் விலை வணக்கம் மாதிரி, பதிலுக்கு வணக்கம் சொல்லணுமே தவிர பணத்தை எடுக்கக் கூடாது என்று. எல்லாப் பேரத்திலும் ஒரு விலை இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதான் நான் வளர்ந்த வேதம். எதிராளிக்கு வேண்டியது பணமே இல்லை என்றால் என்ன செய்வது என்று அவர் சொல்லித்தரவில்லை.

"உன் மானத்தை வாங்கறதுல எனக்கு என்ன லாபம்?" என்றார் ஓடெட். "இத்தனை வருஷம் அடுத்தவன் முகத்துக்குக் கண்ணு வச்சேன். ஒரே ஒரு தடவை என் பேரு சுவத்துல இருக்கணும், நான் அதைப் பாக்கணும். மே மாசம் நோர்மண்ட் என்னைக் கூட்டிட்டுப் போறேன்னிருக்கான். அந்த அறையைப் பாத்துக்கற மியூசியத்துப் பொண்ணுகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் அவன்கிட்டகூட மூச்சு விட மாட்டேன். அவனுக்கும் ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்."

தன் பெயர் ஏறினால் போதும், என் பெயர் இறங்க வேண்டியதில்லை என்று அவர் மெய்யாகவே நம்பினார். ஒரு ஆணியில் இரண்டு படம் மாட்ட முடியாது என்பது அவருக்குப் புரியவில்லை.

பேசிக்கொண்டே வேலை செய்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் தூரிகை உதட்டுக்குப் போய் வந்தது. நுனியை நாக்கில் வைத்து ஒரு சுழற்று, ஊசிபோல் கூராகும், ஒரு கோடு, மறுபடி உதடு. பழைய ஓவியர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தைக் கவனிப்பது என் தொழில் என்று முன்பே சொன்னேன்.

என்னிடம் ஒரு வண்ணப்பெட்டி இருந்தது. நியூபரிபோர்ட்டில் ஒரு கப்பல் தலைவன் வீட்டுச் சாமான்களோடு வந்தது. மகாகனி மரம், உள்ளே சோப்புக்கட்டிபோலச் சின்னச் சின்ன வண்ணக்கட்டிகள், லூமர் காலத்தவை, பல தொடப்படாதவை. அதில் ஒரு பச்சை. அந்தக் காலத்துப் பச்சை பாஷாணத்தில் காய்ச்சியது, மேடம். அதைச் சுவர்த்தாளில் பூசி, அந்த அறைகளில் படுத்தவர்கள் நோயில் விழுந்தபிறகுதான் கைவிட்டார்கள். பழம்பொருள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பாலபாடம். ஓடெட்டுக்குத் தெரியாது. அவர் கடையில் வாங்கிய குழாய் வண்ணத்திலேயே வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். பழைய கட்டியைத் தொட வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

நான் போட்ட பேரம் நியாயமானது. வெறும் வாய்வார்த்தையை மியூசியம் நம்பாது என்றேன், அது உண்மை. உங்கள் முகத்தை நீங்களே வரையுங்கள், அந்தக் காலத்துத் தந்தத்தில், அந்தக் காலத்து வண்ணத்தில்; லூமர் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் குருடனுக்கும் தெரிந்துவிடும், நானே உங்களை மேடையேற்றுகிறேன் என்றேன். சுவரில் தொங்கும் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் கையில் இருந்த சூசையப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"கூலி?"

"இருநூறு."

"முந்நூறு."

"இருபத்தைந்தாயிரத்தை வேண்டாம் என்றீர்கள்."

"அது லஞ்சம்டா, இது கூலி. முந்நூறு, முடிச்சதும் கையில."

ஒத்துக்கொண்டேன். அந்த நூறு டாலரை ஜெயித்த சந்தோஷத்தில் எனக்கு இரண்டாவது கிண்ணம் சூப் ஊற்றினார்.

பெட்டியைக் கொடுத்தபோது எச்சரித்தேன். இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். "பழைய வண்ணம், பார்த்து," என்றேன்.

"நானும் பழசுதான்," என்றார். "அறுபது வருஷமா நுனியை நக்கித்தான் சோறு தின்னேன். என்னை என்ன பண்ணிடும்?"

வற்புறுத்தவில்லை. வேலைக்காரருக்கு அவர் வேலையைச் சொல்லிக்கொடுப்பது மரியாதை இல்லை.

பின்னணி அடர்பச்சையாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல இழுத்துப் பூசுவதல்ல இந்தப் பூச்சு. மயிரிழைக் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், குறுக்கில் நெடுக்கில், ஆயிரக்கணக்கில். கோட்டுக்கு ஒரு தடவை உதடு.

வியாழக்கிழமைதோறும் போனேன். பனி கொட்டினாலும் போனேன், கேட்டுப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவருக்குப் பிடித்த, பன்றியிறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரத்தை வாங்கிக்கொண்டு போவேன். கிறிஸ்துமஸ் வாக்கில் அவரால் அதைச் சாப்பிட முடியவில்லை. "டாக்டர் பையன் முட்டைக்கோசைத் தொடாதேங்கறான். எங்க வம்சமே முட்டைக்கோஸ் தின்னுதான் வளர்ந்துச்சு," என்றார். வயிற்றுக்கு ஏதோ மாத்திரை கொடுத்திருந்தான். வயதானால் வயிறு கெடும், யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. ரேடியோ ஹாக்கியில் கோல்கீப்பரைப் பிரெஞ்சில் திட்டுவதற்கு மட்டும் குரல் குறையவில்லை.

ஜனவரியில் படம் முடிந்தது. என்னிடம் நீட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேடம், நான் ஆயிரக்கணக்கில் பார்த்தவன். ஓரத்தில் ஊதா தட்டிய முடி, மூக்கு கொஞ்சம் பெரிது, உதட்டில் வரப்போகும் ஒரு கேலி. கண்கள் திறந்திருந்தன. உள்மூலையில் புள்ளி, இந்த முறை பெட்டியில் இருந்த பழைய சிவப்பில். அதைவிட நல்ல முகப்படம் என் கைக்கு வந்ததில்லை. முடிந்துவிட்ட படம் என்பது எனக்குத் தெரிந்தது.

"பச்சை இன்னும் கொஞ்சம் ஆழமாக இருக்கலாம்," என்றேன்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணு சரியா இருக்கா?"

"கண் சரியாக இருக்கிறது. பச்சைதான்."

"வாங்கறவன் புத்தியே இப்படித்தான். சரி, குடு. இன்னும் ஒரு பூச்சு."

பிப்ரவரியில் மறுபடி நீட்டினார், மறுபடி அதையே சொன்னேன். அப்போது விரல் மரத்துப்போகிறது என்றார். "ஆனா பாரு, கோடு கோணல," என்று காட்டினார். கோணவில்லை. மூன்றாம் முறை, "உனக்கு என்னதான்டா வேணும்?" என்று கேட்டார். ஆழம் என்றேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் தூரிகை கை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை, நான் எடுத்துக் கொடுத்தேன். அப்போது எனக்குத் தோன்றியது, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று. மூடிக் கையில்கூட எடுத்துவிட்டேன். அவர்தான், "வச்சுட்டுப் போ, இன்னும் முடியல," என்றார். வைத்தேன். நான் விட நினைத்தேன், அவர் விடவில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மார்ச் கடைசியில் நோர்மண்ட் தொலைபேசியில் அழுதான். மேப்பிள் மரங்களில் சாறு இறக்க வாளி தொங்கும் பருவம், சாலையெல்லாம் சேறு. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடக்கத்துக்கு முன்னால், ஒரு கொத்து முடி வெட்டிக்கொள்ளலாமா என்று அவனிடம் கேட்டேன். அந்தக் காலத்து வழக்கம் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அத்தைக்கு உங்களை மாதிரி ஒரு சிநேகிதர் கடைசில கிடைச்சாரே," என்றான். படத்தையும் பெட்டியையும் என் சாமான் என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

அந்த முடியை ஏன் எடுத்தேன் என்றுதான் நீங்கள் எல்லாரும் கேட்கிறீர்கள். வேறு எவனாவது இருந்தால் எரித்திருப்பான் என்கிறீர்கள். பின்பக்கம் காலியாக இருந்தது, மேடம். பின்பக்கம் காலியாக இருந்தால் எங்கள் தொழிலில் அது முடியாத படம். மூன்று இரவு உட்கார்ந்து பின்னினேன். நன்றாக வந்தது.

பிறகு அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தால் நான் இன்று கடையில் இருந்திருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பழைய தந்தம், பழைய வண்ணம், பழைய சிவப்பு. எந்த விளக்குக்கு அடியில் வைத்தாலும் எந்தக் குற்றமும் காணமுடியாத ஒரே லூமர் அதுதான். சந்தேகப்பட்டு எவனாவது சோதனைக்குக் கேட்டால் இதை நீட்டலாம், மற்ற எல்லாவற்றுக்கும் இது ஜாமீன் நிற்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அதோடு, சுவரில் தொங்கும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குத் தவறி எனக்குப் பழக்கமில்லை.

மே மாதம் அறை திறந்தார்கள். நடுச்சுவரில் அவர். கீழே சீட்டு: எஃப்ரைம் லூமர். அடையாளம் தெரியாத மூதாட்டி. அதற்கு முன்னால்தான் கூட்டம் அதிகம் நின்றது.

நோர்மண்ட் வருவான் என்று நான் நினைக்கவில்லை. பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன், மியூசியம் பக்கம் போகிற ஆள் அல்ல. அத்தையைக் கூட்டிப்போவதாகச் சொன்ன நாள் வந்துவிட்டது, டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது, அதனால் தனியாகவே வந்திருக்கிறான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றான்.

"இது எங்க அத்தை," என்றான்.

இருநூறு வருடத்துப் படம் ஐயா என்று அந்த மியூசியத்துப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"இருக்கட்டும்மா. மூக்கு எங்க அத்தை மூக்கு. பின்னாடி முடி இருக்கும் பாருங்க, அதை வெட்டறப்போ கத்திரிக்கோலை எடுத்துக் குடுத்தவன் நான்தான்." அப்புறம் என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க, மிஸ்டர் ப்யூரிங்டன்."

சாயல் இருக்கத்தான் செய்கிறது என்றேன். என் தொழிலில் அதற்குமேல் சொல்லும் வழக்கம் இல்லை.

மீதி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திறந்து பார்த்தார்கள். முடியில் ஊதாச் சாயம், பிட்டஃபோர்ட் சிகை அலங்காரக் கடையில் வைத்தது. உங்கள் ஆட்கள் அதையே எடுத்துச் சோதித்தார்கள். முடி தான் வளர்ந்த மாதங்களை எல்லாம் வரிசையாக உள்ளே எழுதி வைத்துக்கொள்ளுமாமே. எது எந்த மாதத்தில் ஏறியது என்பதுவரை. இருநூறு வருடமாக நாங்கள் படத்துக்குப் பின்னால் முடி வைக்கிறோம், அது இவ்வளவு பேசும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே, ஆம். பச்சையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொடுத்தேன். தூரிகை எங்கே போய் வரும் என்று பார்த்துவிட்டுக் கொடுத்தேன். முடிந்த படத்தை முடியவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை, கோபத்தில் செய்யவில்லை, அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

சீட்டை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது ஓடெட் திபோடோ என்று இருக்கிறதாம், லூமர் அறையே அவர் பெயருக்குப் போகலாம் என்கிறார்கள். என் புத்தகத்தில் எல்லா ஓவியருக்கும் பிறப்புக்கும் இறப்புக்கும் நேரே கேள்விக்குறிதான். முழுசாக நான் அடையாளம் கண்டது இவர் ஒருவரைத்தான்: ஊர், பழக்கம், கைவாகு, இறந்த நாள், காரணம். அவர் கேட்டதும் அதைத்தானே. ஒருவர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது கிடைத்திருக்கிறது. நான் நடுவில் இல்லாவிட்டால் கிடைத்திருக்காது.

கையெழுத்து எங்கே, இங்கேயா? போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது, நோர்மண்டிடம் சேர்த்துவிடுங்கள். பேசிய கூலி முந்நூறு, முடிந்ததும் தருவதாகப் பேச்சு. நான் இன்னும் கொடுக்கவில்லை. வண்ணம் என்னுடையது. மற்ற கட்டிகள் அப்படியே இருக்கின்றன, பச்சை மட்டும் அடியோடு தீர்ந்துவிட்டது. அதற்கு நாற்பது கழியுங்கள். அவருக்கு என் பாக்கி இருநூற்று அறுபது.